பெயர் பொறிக்கப்படாத உதைபந்தாட்டக்காரர்கள்

1914 ஓகஸ்டில் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது பிரித்தானியாவில் உதைபந்தாட்டம் சம்பளத்துக்கு ஆடும் தொழிலாக வேரூன்றியிருந்தது. ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுடைய சம்பளத்துக்கு 1901 இல் வாரம் 4 பவுண் என்று உச்சவரம்பு போடப்பட்டது. 1910 இல் அது 5 பவுணானது. ஒரு கழகத்தில் பதிவான ஆட்டக்காரர் அந்தக் கழகம் விடுவித்தால் மட்டுமே இன்னொன்றுக்குப் போக முடியும். 1921 இல் ஒழிக்கப்படும் வரை இலங்கை மலையகத் தோட்டங்களில் நிலவிய, விடுவிப்புச் சீட்டின்றி வேறு தோட்டத்துக்குப் போகவிடாத துண்டு முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கட்டின் இயல்பை விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் தொடங்கியதும் கனவான்களின் விளையாட்டான றக்பி நிறுத்தப்பட்டது. அதன் ஆட்டக்காரர்கள் பட்டாளத்தில் சேர்ந்ததைப் பத்திரிகைகள் போற்றின. ஒப்பந்தத்தால் கட்டுண்டிருந்த உதைபந்தாட்டக்காரர்கள் 1915 ஏப்ரல் வரை ஆடினார்கள். அவர்களைக் கோழைகள் என்று அதே பத்திரிகைகள் ஏசின. வருமானம் இருந்தவனுக்கு ஆட்டத்தைக் கைவிடுவது தியாகம், ஆட்டமே வருமானமாக இருந்தவனுக்கு அது அடுப்பு அணைவது என்ற வேறுபாட்டை ஏசியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அப்படி ஏசப்பட்டவர்கள் யுத்தத்துக்குப் போனார்கள். எடின்பரோவின் ஹார்ட்ஸ் கழகம் 1914 நவம்பரில் ஸ்கொட்லாந்து லீக்கில் முதலிடத்தில் இருந்தது. அந்த மாதமே அதன் 11 ஆட்டக்காரர்கள் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். வென்றிருக்கக்கூடிய கிண்ணம் பருவத்தின் முடிவில் செல்டிக் கழகத்துக்குப் போனது. ஹார்ட்ஸ் அணியின் ஹென்றி வட்டி, டங்கன் கரி, ஏர்னி எல்லிஸ் ஆகிய மூவரும் 1916 ஜூலை 1 ஆம் திகதி, பிரான்சில் நடந்த சொம் சண்டையின் முதல் நாளிலேயே மடிந்தார்கள். யுத்தம் முடிவதற்குள் ஹார்ட்ஸ் இழந்த ஆட்டக்காரர்கள் 7 பேர்.

லண்டனில் 1914 டிசம்பர் 15 ஆம் திகதி மிடில்செக்ஸ் படையணியின் 17 ஆவது பட்டாலியன் உருவாக்கப்பட்டது. உதைபந்தாட்டப் பட்டாலியன் என்றே அதை மக்கள் அழைத்தார்கள். கிளப்டன் ஓரியன்ட் என்ற ஒரு கழகத்திலிருந்து மட்டும் ஆட்டக்காரர்களும் ஊழியர்களுமாக 41 பேர் முன்வந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் மக்ஃபாடன், ஜோர்ஜ் ஸ்கொட், வில்லியம் ஜோனாஸ் மூவரும் 1916 இல் சொம் சண்டையோடு போய்விட்டார்கள்.

அந்தப் பட்டாலியனில் சேர்ந்த வொல்டர் டல் தனித்துப் பேசப்பட வேண்டியவர். கரிபியன் தீவான பார்படோசிலிருந்து வந்த தச்சர் ஒருவரின் மகனான இவர் 1888 இல் இங்கிலாந்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, லண்டன் அநாதை இல்லத்தில் வளர்ந்தார். 1909 இல் டொட்டன்ஹாம் கழகத்துக்கு ஆடியபோது பிரிஸ்டல் மைதானத்தில் பார்வையாளர்கள் அவருடைய நிறத்தைச் சொல்லி இழித்துக் கத்தினார்கள். பின்னர் நோர்தாம்டன் கழகத்துக்காக நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். வெள்ளையர் அல்லாதவர் அதிகாரியாகிப் படைக்குக் கட்டளையிடுவதை அன்றைய இராணுவ விதிகள் தடுத்தன. அந்தத் தடையையும் மீறி 1917 மே மாதம் அவர் அதிகாரியாக்கப்பட்டார். இத்தாலியப் போர்முனையில் வெள்ளைச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கினார். 1918 மார்ச் 25 ஆம் திகதி பிரான்சில் சுடப்பட்டு விழுந்தார். உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் உண்டு. அவர் ஆடிய நோர்தாம்டன் கழகத்தின் மைதானத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது 1999 இல்தான்.

இந்தத் தாமதம் டல்லுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஹார்ட்ஸ் வீரர்களுக்கு 1922 இலேயே எடின்பரோவின் ஹேமார்க்கெட்டில் நினைவுத்தூண் அமைந்தது விதிவிலக்கு. அவர்கள் போரிட்ட பிரான்சின் கொண்டல்மேசோனில் கல் எழுந்தது 2004 இல், உதைபந்தாட்டப் பட்டாலியனுக்கு லோங்கேவலில் எழுந்தது 2010 இல், ஓரியன்ட் வீரர்களுக்கு ஃபிளேர்சில் எழுந்தது 2011 இல். கூட ஆடியவர்களும் விதவைகளும் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

கனவான்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இடையிலான இதே பிரிவினை மலையகத்திலும் இருந்தது, இன்னும் கடுமையாக. டிக்கோயா தரவளையில் 1868 இல் தொடங்கிய டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகம் துரைமாருடையது. 1900 இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியருக்கு மட்டுமே இடம். 1914 இல் அதன் 8 அதிகாரிகளும் இருநூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் எகிப்துக்குக் கப்பலேறி, பின்னர் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் காவலர்களாக நின்றார்கள். முதலாம் யுத்தத்தில் அந்தப் படை 80 பேரை இழந்தது. அவர்களும் இளைஞர்களே; அவர்களுக்குரிய மரியாதையில் எவரும் குறை காண முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. துரையோடு அதே மலையில் வாழ்ந்து, பெரட்டில் நின்று, மாலையில் லயத்துக்குக் கீழே தட்டையாகக் கிடந்த துண்டு நிலத்தில் பந்து உதைத்தவனின் பெயரை எழுதி வைக்கும் பொறுப்பு யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு 1917 இல் பிறந்தது. பதவி, இனம், மதம் பாராமல் இறந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது அதன் கொள்கை. ஆனால் அந்த ஆணைக்குழு தானே 2021 இல் வெளியிட்ட அறிக்கை, முதலாம் யுத்தத்தில் இறந்த ஆசிய, ஆபிரிக்க, மத்திய கிழக்கு நாட்டவர்களில் 45,000 முதல் 54,000 வரையானோர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதை ஒப்புக்கொண்டது. குறைந்தது 116,000 பேரின் பெயர் எங்குமே பதியப்படவில்லை, அல்லது அவர்கள் நினைவுகூரப்படவே இல்லை. இந்தத் தொகை 350,000 வரை போகலாம் என்றும் அது கூறியது.

இரண்டாம் உலக யுத்தம் மலையகத்துக்கு மிக அருகிலேயே வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1944 இல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. கண்டி யுத்த மயானத்தில் பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் ஒரே அளவுக் கற்களின் கீழ் கிடக்கிறார்கள். கல்லில் பெயரும் படைப்பிரிவும் இறந்த நாளும் இருக்கும். எந்த ஊர் மைதானத்தில் ஆடினார், எந்த அணியில் எந்த இடத்தில் நின்றார் என்பதை ஊர்தான் சேர்க்க வேண்டும்.

ஆகவே, யுத்தத்தில் இறந்த தன் ஆட்டக்காரர்களின் பதிவேட்டை மலையகம் தானே தொகுக்க வேண்டும். அரசோ வெளிநாட்டு ஆணைக்குழுவோ வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு தலைமுறை போய்விடும். இதில் முன்நிற்க வேண்டியவை தொழிற்சங்கங்கள். பிரட்போர்ட் பார்க் அவெனியு கழகத்துக்கு ஆடிய டொனால்ட் பெல், விக்டோரியா சிலுவைக்கு உரிய வீரச்செயலைப் புரிந்து ஐந்தே நாட்களில், 1916 ஜூலை 10 ஆம் திகதி கொல்லப்பட்டார். அவருடைய பதக்கம் 2010 இல் ஏலத்துக்கு வந்தபோது அதை வாங்கிக் காத்தது இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டக்காரர் சங்கம், அதாவது ஒரு தொழிற்சங்கம். மலையகச் சங்கங்களுக்கும் இது புதிய வேலையல்ல. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிசாரின் சூட்டில் இறந்த கோவிந்தனின் பெயர் இன்றும் வாழ்வது, சங்கங்கள் அதை விடாமல் சொல்லி வந்ததால்தான்.

உள்நாட்டு யுத்தத்தில் இறந்தவர்களையும் சேர்க்க வேண்டாமா என்ற கேள்வி எழும், எழ வேண்டும். யாரை, எங்கே, எவ்வாறு நினைவுகூர்வது என்பதில் நாடு இன்னும் பிளவுபட்டிருக்கிறது. இரண்டு உலக யுத்தங்களிலிருந்து தொடங்குவது, அந்தக் கடினமான பட்டியலையும் ஒரு நாள் நேர்மையாக எழுதுவதற்கு வேண்டிய பழக்கத்தைத் தரும்.

வேலை பெரிதல்ல. கல்லறை ஆணைக்குழுவின் பெயர்ப் பதிவுகளை இணையத்தில் யாரும் காசின்றித் தேடலாம். தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் அதிலுள்ள இலங்கைப் படைப்பிரிவுப் பெயர்களை எடுத்து எழுதலாம். லயங்களில் டிரங்குப் பெட்டிகளுக்குள் கிடக்கும் சேவைச் சான்றிதழ், பதக்கம், அணிப் புகைப்படம் ஆகியவற்றைப் பிரதியெடுத்து மூலத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். வட்டவளை, றொசல்ல, ஹட்டன், டிக்கோயா விளையாட்டுக் கழகங்கள் தத்தம் பகுதிக்குப் பொறுப்பேற்கலாம். தொகுத்த பெயர்களை முதலாம் யுத்தம் முடிந்த நாளான நவம்பர் 11 ஆம் திகதியை ஒட்டி ஹட்டன் டன்பார் மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு முன் வாசித்து, பதிவேட்டின் ஒரு பிரதியை நகர நூலகத்திலும் மற்றொன்றைச் சங்க அலுவலகத்திலும் வைக்க வேண்டும்.