ஆஸ்பத்திரிப் பணத்தை யார் கட்டுவது?

தொழிலாளத் தோழர்களே! கிராணித் தோழர்களே!

சென்ற மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டபோது, அயல்நாட்டிலிருந்து வந்து பால் வெட்டும் ஓர் இளைஞன் வரவில்லை. லயத்தில் போய்ப் பார்த்தால் காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறான். லோரியில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் இருந்தார்; கட்டிலும் இருந்தது. முன்பணம் எங்கே என்று கேட்டார்கள். நிர்வாகத்துக்குப் போன் செய்தேன். "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. கடைசியில் அவனுடைய லயத்துக்காரர்கள் பத்தும் இருபதுமாகப் போட்டுக் கட்டினார்கள். அவன் வேலை செய்த ஒவ்வொரு நாளையும் செக்ரோலில் எழுதியவன் நான். அவன் படுத்த நாளுக்கு யார் பொறுப்பு என்று எழுத எனக்கு ஓர் ஏடு இல்லை!

"நமக்கென்ன? நாம் குடிமக்கள். ஒரு வெள்ளி கட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்" என்று நம்மில் சிலர் சொல்லக் கேட்கிறேன். தோழரே, சற்றுப் பொறும். உம்முடைய தாத்தாவும் ஒரு நாள் அயல்நாட்டுத் தொழிலாளிதான்.

பழைய கதையைப் பாருங்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய முதலாளிகள், ஆட்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு ஒரு பொதுநிதிக்குப் பணம் கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் கப்பல் செலவு அந்தப் பெட்டியிலிருந்து போயிற்று. கட்டியவர்களுக்கு லாபம் இருந்தது, ஆகவே கட்டினார்கள்.

வந்த ஆள் மலேரியாவில் விழுந்தபோது? தோட்டம் ஆஸ்பத்திரி வசதி செய்ய வேண்டுமென்று சட்டம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தோட்டமும் தனித்தனியே செய்ய வேண்டும். பெரிய தோட்டம் ஏதோ செய்தது. சின்னத் தோட்டம் ஒரு கொட்டகையும் ஒரு டிரஸ்ஸரும் வைத்து ஒப்பேற்றியது. இதை ஆராய 1924இல் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. 1926இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் சுகாதார வாரியச் சட்டம் பிறந்தது. தோட்டங்களிடம் வரி வாங்கி, அந்தப் பொதுப்பணத்தில் ஆஸ்பத்திரியும் சுகாதாரமும் நடத்துவது அதன் நோக்கம். நல்ல சட்டம்தான். முதலாளிமார் எதிர்த்தார்கள். ரப்பர் விலை விழுந்த 1930களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது.

கப்பலில் ஏற்றப் பொதுப்பெட்டி. கட்டிலில் விழுந்தால் அவனவன் பாடு! இதுதான் அன்றைய நியாயம்.

இன்று மாறிவிட்டதா? 2016இல் தீபகற்பத்துத் தோட்டத் துறைக்கு, அந்நியத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 640 வெள்ளி லெவி என்று விதித்தார்கள். 2018 முதல் அதை முதலாளியே கட்ட வேண்டும் என்றார்கள். அந்தப் பணம் கஜானாவுக்குப் போகிறது. அதே தொழிலாளி நோயில் விழுந்தால், 2014ஆம் ஆண்டுக் கட்டண உத்தரவு அவனை அந்நியன் என்று சொல்லி, சலுகை இல்லாத கட்டணம் கேட்கிறது. 2011இல் அந்நியத் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கினார்கள். அப்போதும் தோட்டத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் கட்டாயத்திலிருந்து விலக்கினார்கள். 2019 முதல் சொக்சோ அவர்களுடைய வேலை விபத்தைக் கவனிக்கிறது. காய்ச்சல் வேலை விபத்து அல்லவே!

"1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து வீட்டுக்கும் வைத்திய வசதிக்கும் முதலாளியைப் பொறுப்பாக்கியிருக்கிறதே" என்பார்கள். ஆம். அதே பழைய வழி! ஒவ்வொரு முதலாளியின் தலையிலும் தனித்தனியே கடமையைச் சுமத்தினால், நல்லவன் கட்டுவான், மற்றவன் "பார்க்கலாம்" என்பான். கடமை காகிதத்தில் இருந்தால் போதாது. பணம் பெட்டியில் இருக்க வேண்டும்.

இதில் குடிமக்களான நமக்கும் பங்கு உண்டு. நோய்ச் செலவைத் தொழிலாளியின் தலையிலேயே தள்ளிவிடலாம் என்றால், அந்தத் தொழிலாளி முதலாளிக்கு மலிவு. மலிவான ஆள் கிடைக்கும்போது நம் கூலியை யார் உயர்த்துவார்? அவனுக்காகக் கேட்பது நமக்காகவும் கேட்பதுதான்.

பழைய வாரியத்தை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. இன்று ஆஸ்பத்திரி மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. வட்டாரம் வட்டாரமாக வரி வாங்கினால், நோயும் வறுமையும் மிகுந்த வட்டாரமே அதிகம் கட்ட நேரும். நாடு முழுமைக்கும் ஒரே நிதி வேண்டும். நாம் கேட்பது இவை:

லெவியில் ஒரு பங்கை ஆஸ்பத்திரி நிதியாகச் சட்டப்படி ஒதுக்குக! ஆஸ்பத்திரி தன் கட்டணத்தை அந்த நிதியிலிருந்து பெறுக. நோயாளியிடம் முன்பணம் கேட்காதிருக்க! இன்சூரன்ஸில் தோட்டத்துக்கு விலக்கு ஒழிக. அதன் செலவு முதலாளியுடையதாகுக! நிதியை நடத்தும் குழுவில் தொழிற்சங்கத்துக்கு இடம் தருக!

தோழர்களே, அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். 1926இல் தோட்டங்களுக்கு ஒரு சட்டம் வந்தது. அதைக் காக்க நமக்கு அன்று சங்கம் இல்லை. இன்று இருக்கிறது.

— ஒரு தோட்டக் கிராணி