கடை மாறும் செலவை அரசே ஏற்க வேண்டும்

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி, மேம்பாலம், மழைநீர் வடிகால், நடைபாதை விரிவாக்கம் என்று ஏதாவது ஒரு வேலைக்காகச் சென்னையின் கடைத்தெருக்கள் தோண்டப்பட்டு வருகின்றன. இவை தேவையான வேலைகள். நடக்க இடமில்லாத தெருவுக்கு ஆள் வராது என்பது அங்கே கடை வைத்திருப்பவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனால் சிமென்ட், கிரானைட், விளக்குக் கம்பம் என எல்லாவற்றுக்கும் தொகை ஒதுக்கும் திட்ட மதிப்பீடு, அந்தத் தெருவிலிருந்து எழுப்பப்படும் சிறு வியாபாரி வேறோர் இடத்தில் கடை திறக்க ஆகும் செலவைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்து அரசே தர வேண்டும்.

என்ன செலவு என்று கேட்கலாம். ரவிக்கைத் துணி விற்கும் ஒரு மேட்சிங் சென்டரை எடுத்துக்கொள்வோம். புடவையைக் கொண்டுவந்து காட்டியதும் அதே சாயலில் துணியை உருவித் தர வேண்டும் என்பதற்காக, சுவரை அளந்து அடித்த மர அடுக்குகள் அங்கே இருக்கும். வேறு கடையில் அவை பொருந்தா. புது இடத்துக்கு அட்வான்ஸ், தச்சுக் கூலி, ஷட்டர், மின் இணைப்பு, பெயர்ப் பலகை, தொழில் உரிமத்திலும் ஜி.எஸ்.டி. பதிவிலும் முகவரி மாற்றம் என்று செலவு நீளும். இத்தனையும் செய்து திறந்தாலும் பல மாதம் போனி ஆவதே பெரும்பாடு. பக்கத்துக் கடைத் தையற்காரர் அனுப்பிவைத்த வாடிக்கையாளர்கள் புது இடத்துக்கு வரமாட்டார்கள். கடைப் பையனின் சம்பளமும் கடனுக்கான வட்டியும் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும்.

இது புதிய கோரிக்கை அன்று. தொழில் செய்யும் இடத்தை மாற்ற நேர்ந்தால் அதற்கான நியாயமான செலவை இழப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டமே சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வாடகைதாரரையும் பாதிக்கப்பட்டவராக ஏற்று, சிறு வணிகருக்கு ஒரே தடவை உதவியாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்று வகுத்தது. தியாகராய நகரில் அந்தப் பணம் ஷட்டர் போடவே சரியாகப் போய்விடும். அதைவிடப் பெரிய குறை, நிலம் கையகப்படுத்தினால்தான் இந்தச் சட்டமே வரும் என்பது. மாநகராட்சி தன் பழைய வணிக வளாகத்தை இடித்துக் கட்டும்போதும், சாலையை மாதக்கணக்கில் தோண்டிப் போடும்போதும் வியாபாரிக்கு இதில் பிடிமானம் இல்லை. நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-இல் தனிச் சட்டம் வந்தது. இடம் மாற்றும் முன் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்கிறது அது. அறிவிப்பை வைத்துக்கொண்டு புதுக் கடை போட முடியாது.

கட்டடம் கட்டித் தந்தால் போதும் என்று நினைப்பதால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்சியே சாட்சி. காந்தி மார்க்கெட் நெரிசலுக்குத் தீர்வாக 77 கோடி ரூபாயில் கள்ளிக்குடியில் வணிக வளாகம் எழுப்பப்பட்டது. கடைகள் சிறியவை, இடம் தொலைவு என்று வியாபாரிகள் போக மறுத்தார்கள். வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது. சென்னை பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் 2013-இல் மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். சாலையில் போகிறவர் மாடி ஏறி வருவதில்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை. 2019-இல் அதே சாலை அழகிய நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. சாலை அழகானது நமக்கும் மகிழ்ச்சிதான். அந்த அழகுக்கு இடம் கொடுத்து ஒதுங்கியவர்களின் வருமானம் என்னவாயிற்று என்று அரசு கணக்கெடுத்திருக்க வேண்டும்.

தனியார் வியாபாரத்துக்கு மக்கள் வரிப்பணமா என்ற கேள்வி எழும். அரசின் முடிவால் ஒருவர் இழப்பதை ஈடுசெய்வது சலுகை ஆகாது. தெரு சீரானதும் மனையின் விலை ஏறுகிறது, வாடகை ஏறுகிறது. அந்த லாபம் கட்டட உரிமையாளருக்கும் பெரிய ஷோரூம்களுக்கும் போகிறது. வாடகைக்கு இருந்தவருக்குப் பழைய இடமும் இல்லை, புது வாடகை கொடுக்க வழியும் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசுப் பணம் பெறும் திட்டங்களால் இடம்பெயரும் கடைகளுக்கு, வாடகைக் கடைகள் உட்பட, மாற்றச் செலவைத் தர வேண்டும் என்று 1970-லேயே சட்டம் செய்தார்கள். சிறு தொழிலை மறுபடி நிலைநிறுத்தத் தனித் தொகையும் உண்டு. அதன் உச்சவரம்பு 2012-இல் 10,000 டாலரிலிருந்து 25,000 டாலராக உயர்த்தப்பட்டது.

போலிகள் புகுந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. மின் கட்டண ரசீது, தொழில் வரி, உரிமம் ஆகியவற்றைக் கொண்டு திட்டம் அறிவித்த நாளில் யார் கடை நடத்தினார் என்று கண்டறிவது மாநகராட்சிக்குக் கடினமே அல்ல. வாடகை ஒப்பந்தம் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் தள்ளிவிடக் கூடாது. வாய்ப்பேச்சிலேயே பல ஆண்டு ஓடும் கடைகள் நம் ஊரில் ஏராளம்.

தமிழக அரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். கடை மாற்றும் செலவும் ஆறு மாத வருமான இழப்பும் திட்டத் தொகையிலிருந்தே வழங்கப்பட வேண்டும். அரசே கட்டும் புது வளாகத்தில் ஏலத்துக்கு முன் பழைய வாடகைதாரருக்கு, அவரால் கட்டக்கூடிய வாடகையில், முதல் உரிமை எழுத்தில் தரப்பட வேண்டும். பயனாளிகள் பட்டியல் அந்தத் தெருவிலேயே ஒட்டப்பட்டு, பணம் அவர்களின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை கொடுக்க வேண்டும்.