தவறணை மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை



கடந்த வியாழக்கிழமை மாலை, செயின்ட்-மிஷேலில் உள்ள ஒரு மதுவகத்தில் மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தேன். ஒரு பியர் குடித்தேன்; வயிறார உண்டேன். ஞாயிறு திருப்பலிக்கு முன்பே, "சுவாமி தவறணைக்குப் போறாராம்" என்ற செய்தி பங்கு முழுவதும் பரவிவிட்டது. மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால் நானே எழுதுகிறேன். என்னை நியாயப்படுத்துவது என் நோக்கம் அன்று. அந்த மாலை நம் எல்லோரிடமும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எனக்குத் தந்தது.

ஆண்களும் பெண்களுமாக நாங்கள் ஆறு பேர். மேசையில் பூட்டின் இருந்தது. ஹெய்ட்டி மக்களின் கிரியோ என்னும் பொரித்த பன்றியிறைச்சியும், காரமான கோவா ஊறுகாயும், பொரித்த வாழைக்காயும் இருந்தன. தொலைக்காட்சியில் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தது. எங்களுள் ஒருவர் குடியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இடம் அவருக்கு ஏற்றதா என்று முன்னரே கேட்டேன். வருவதாக அவரே முடிவு செய்தார். தண்ணீர்க் குவளையோடு இருந்தார். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. மெட்ரோவுக்கு நடந்துபோகும்போது அவர் சொன்னார்: "சுவாமி, நாலு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு மேசையில கடைசி வரைக்கும் இருந்தனான். குடியை விட்டன், சிநேகிதர் என்னை விட்டிட்டினம்."

அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். குடிப்பவரைக் கண்டித்து நான் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். குடியை விட்டவர் அன்று மாலை எங்கே போவார் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் நாம் சொல்லும் 'தவறணை'யும் இங்குள்ள பிரெஞ்சு மக்கள் சொல்லும் 'தவேர்ன்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கடை, குடில் என்று பொருள்படும் 'தபெர்னா' என்ற இலத்தீன் சொல்லே அந்த வேர். திருத்தூதர் பணிகள் 28ஆம் அதிகாரத்தில், கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்படும் பவுலைச் சந்திக்கச் சகோதரர்கள் வந்து காத்திருந்த இடங்களுள் ஒன்று 'மூன்று விடுதி'. அதன் இலத்தீன் பெயரில் இருப்பதும் இதே தபெர்னாதான். அவர்களைக் கண்டபோது பவுல் கடவுளுக்கு நன்றி செலுத்தித் துணிவு பெற்றார். தளர்ந்த ஒருவர் துணை தேடும் இடமாகவும் ஒரு விடுதி இருக்கக்கூடும்.

ஆனால் நம் தவறணைகளும் இவர்களுடைய தவறணைகளும் எல்லோருக்கும் துணையாக இருந்ததில்லை. ஊரில் பனங்கள்ளுப் பிளாவைச் சுற்றி ஆண்கள் கூடினார்கள். பெண்கள் வீட்டில் காத்திருந்தார்கள். கியூபெக்கில் அது சட்டமாகவே இருந்தது. 1937இல் பெண்களைத் தவறணைகளிலிருந்து சட்டம் விலக்கியது. புதிதாகத் திறக்கப்படும் தவறணைகள் பெண்களை ஏற்க வேண்டும் என்ற விதி 1979இல்தான் வந்தது. பழையவற்றின் கதவுகளும் திறக்க 1986 ஆயிற்று. செயின்ட்-மிஷேல் 1968 வரை தனி நகரம். சுண்ணாம்புக்கல் குவாரிகளின் ஊர். கல் உடைத்துக் களைத்தவர்கள் குடிக்கப் போன காலத்தில் அவர்களுடைய மனைவியருக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. குவாரியும் பின்பு குப்பைமேடாகி, இன்று பிரெடெரிக்-பாக் பூங்காவாக மாறிவிட்டது.

திருச்சபை வாளாவிருக்கவில்லை. 1840களில் அருள்தந்தை ஷினிக்கி போன்றவர்கள் ஊர் ஊராகச் சென்று மதுவிலக்கு உறுதிமொழி வாங்கினார்கள். அந்த உறுதிமொழியின் அடையாளமாக வீடுகளில் கறுப்புச் சிலுவை தொங்கியது. இருபதாம் நூற்றாண்டில் லாக்கோர்தேர் குழுக்கள் அந்தப் பணியைத் தொடர்ந்தன. அவற்றால் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் பல. ஆனால் அதே திருச்சபையின் பழைய ஆசியுரை நூலில் பியருக்கும் ஓர் ஆசியுரை உண்டு. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலின் 40ஆம் பிரிவில் துறவியருக்கு நாளுக்கு ஓர் அளவு திராட்சை இரசத்தை அனுமதித்தார். முற்றாக விலகி நிற்கும் வலிமை பெற்றவர்களுக்குத் தனிக் கைம்மாறு உண்டு என்றும் சொன்னார். குடிப்பவரும் குடியாதவரும் ஒரே உணவறையில் அமர இடம் செய்தார் அவர். இதைத்தான் நாம் கற்க வேண்டும் என்று எண்ணுகிறேன்.

நம் விருந்துகளைப் பாருங்கள். திருமணமோ பூப்புனித நீராட்டு விழாவோ, மண்டபத்துக்குள் பெண்களும் பிள்ளைகளும் பெரியவர்களும். வெளியே வாகனத் தரிப்பிடத்தில், திறந்த கார்க் கதவின் மறைவில், உண்ணாமல், விரைந்து குடிக்கும் ஆண்கள். வேறு சில வீடுகளில் நிலவறையில் ஒருவர் தனியே குடிக்கிறார். நாலு பேர் பார்க்கும் மேசையில், உணவோடு, மனைவி அருகிலிருக்க ஒருவர் குடிக்கும் ஒரு கோப்பையைவிட இந்த மறைவே என்னை அஞ்ச வைக்கிறது. மறைவில் அளவு இல்லை.

"சுவாமியே போனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?" என்று ஒரு தாய் கேட்டார். குடியால் கணவரை இழந்தவர் அவர். அவருடைய கேள்விக்கு முன் நான் தலைகுனிகிறேன். பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். மது தீங்கற்றது அன்று. கனடாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு இரண்டு கோப்பைக்கு மேல் போனாலே தீங்கு கூடத் தொடங்குகிறது என்கிறது. ஒரு கோப்பை என்பது 341 மில்லிலீற்றர் பியர். குடியை விட்டவர்கள் பலருக்கு மதுவகம் ஆபத்தான இடம். அவர்களை அங்கே அழைக்காதீர்கள். நான் கேட்பது வேறு: அவர்களை எங்கே அழைக்கப் போகிறோம்?

கானாவூர்த் திருமண வீட்டில் குறை ஒன்று இருப்பதைக் கண்டு சொன்னவர் அன்னை மரியா. இன்று நம் விருந்துகளில் மதுவுக்குக் குறைவில்லை. குடிக்காதவருக்கு இருக்கைதான் இல்லை. அந்தக் குறையை யார் காண்பது?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். விருந்து வைப்பவர்களே, மது வைப்பதாயின் உணவு மேசையிலேயே வையுங்கள்; அதே மேசையில், அதே மதிப்போடு, மது அல்லாத பானமும் இருக்கட்டும். "ஒரு சொட்டுக்கூட எடுக்கமாட்டீரோ?" என்று யாரையும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒருவருக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, அடுத்த மாதம் முதல் கடைசிச் சனிக்கிழமை மாலைகளில் பங்கு மண்டபம் திறந்திருக்கும். மது இல்லை, மறையுரையும் இல்லை. ஒடியற்கூழ் இருக்கும். ஊரில் கள்ளுக்கும் கூழுக்கும் ஒரே பனையோலைப் பிளாதான். இங்கே அது கிடைக்காது, கோப்பையில் குடிப்போம். சீட்டுக்கட்டு இருக்கும், ஹாக்கி பார்க்கத் தொலைக்காட்சியும் இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து வாருங்கள். நீங்கள் அழைப்பதை நிறுத்திவிட்ட அந்தப் பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, அவரையும் கூட்டி வாருங்கள்.

என் நண்பர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூழுக்கு நண்டு வாங்குவது தன் பொறுப்பாம்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.