பாவ்லோவின் நாயும் பட்டாசு மருந்தும்

சைக்காலஜி பக்கமே போகாதவங்களுக்கும் பாவ்லோவோட நாயைத் தெரியும். சத்தம் கொடுத்துச் சோறு, சத்தம் கொடுத்துச் சோறுன்னு பழக்கினா, கடைசில சோறே இல்லாம வெறும் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும். இத்தனைக்கும் மனுஷர் ஆராய்ச்சி பண்ணது ஜீரணத்தைப் பத்தி. 1904-ல் நோபல் பரிசு கிடைச்சதும் அதுக்குத்தான்!

கதையோட ரெண்டாவது பாதியை யாரும் அதிகம் சொல்றதில்லை. அதே நாய்க்குச் சோறு போடாம சத்தத்தை மட்டும் கொடுத்துக்கிட்டே இருந்தா, எச்சில் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னுடும். எங்க விருதுநகர் மாவட்டத்துக்குத் தேவையானது இந்த ரெண்டாவது பாதிதான்.

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்துன்னா ரெண்டு வார்த்தை தவறாம காதுல விழும். 'உராய்வு', 'கவனக்குறைவு'. முதலாவது வேதியியல், சரி. ரெண்டாவதுதான் எனக்கு இடிக்குது.

புதுசா வேலைக்கு வந்தவருக்கு மருந்தைத் தொட்டா கை நடுங்கும். மருந்துன்னா சாவுன்னு மனசு முடிச்சு போட்டு வச்சிருக்கு. தினமும் தொடுறார், ஒண்ணும் ஆகலை. நூறு நாள், ஆயிரம் நாள், ஒண்ணும் ஆகலை. முடிச்சு தானா அவிழுது. இது திமிரோ அலட்சியமோ இல்லீங்க, நாய்க்கு எச்சில் நின்ன அதே கணக்கு. போதாததுக்கு பீஸ் ரேட் கூலி வேற, வேகத்துக்குத்தான் காசு. ஆனா மருந்துக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. முதல் நாள் எந்த உராய்வுக்கு வெடிக்குமோ, ஆயிரமாவது நாளும் அதுக்கு வெடிக்கும்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து ஜனங்க உதவி செய்யவும் பார்க்கவும் ஓடினாங்க. அடுத்து வெடிச்சதுல அவங்களும் சிக்கினாங்க. 30 பேருக்கு மேல செத்துப் போனாங்க. உதவ ஓடினது மனுஷத்தனம். ஆனா காலைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய பயம், வெடிச் சத்தத்தோடவே வளர்ந்த அந்த ஜனங்களுக்கு என்னைக்கோ மரத்துப் போயிருக்கும்னு நினைக்கிறேன். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல. ஒவ்வொரு தடவையும் சில வாரம் எல்லாருக்கும் பயம் திரும்ப வரும். அப்புறம் அதுவும் மங்கிடும்.

எங்க தொழில்ல சும்மா சும்மா அடிக்கிற அலாரத்தை ஒரு கட்டத்துக்கு மேல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அதுக்கு ஆளைத் திட்டுறதில்லை, சிஸ்டத்தை மாத்துவோம். அந்த மரியாதை பட்டாசுத் தொழிலாளிக்கும் வேணும். அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் எத்தனை இடைவெளிங்கிற விதியெல்லாம் யாருக்கும் பயம் இல்லாத நாளுக்காகத்தான். அதை மீறி ஆளையும் மருந்தையும் அடைச்சு வச்சுட்டு, வெடிச்சப்புறம் 'கவனக்குறைவு'ன்னு செத்தவங்க தலையில எழுதுறது அநியாயம்.