மறைப்பது பழுதுநீக்கம் ஆகாது



ரமலான் நெருங்கினால் நம் தர்மபுரி மாவட்டத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றின் மொட்டைமாடியில் புதிய வெள்ளைப் பூச்சு ஏறுகிறது. அடியில் பழைய பூச்சு செதில் செதிலாய்ப் பெயர்ந்து கிடக்கிறது. “சுரண்டினால் கூலி கூடும், மேலே இன்னொரு கோட் அடித்தால் போதும்” என்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

தளர்ந்த பூச்சின்மீது அடிப்பது அந்தப் பூச்சோடுதான் ஒட்டும்; தளத்தோடு ஒட்டாது. இரு பருவமழையும் பெய்யும் நம் ஊரில், விரிசல் வழியே இறங்கும் நீர் அடியிலேயே தங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட்டைப் பிளக்கும். அதன் கீழேதான் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதுகின்றனர்.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தை மறைத்திருந்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தளத்தின் ஈரத்தை மறைப்பதற்கு மட்டும் விலக்கு உண்டோ?

கோடையில் தளத்தை நனைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பழையதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். நனைத்தால் தூசு அடங்கும். தொழிலாளியின் நுரையீரலுக்கும் அது பாதுகாப்பு. பெயர்த்ததை மழைநீர்க் குழாயில் தள்ளாமல் சாக்கில் அள்ளுக. பின் கழுவி, முழுதும் உலரவிட்டு, விரிசலை அடைத்த பிறகே பூசுக.

வக்ஃபுப் பணம் அமானிதம். உரிந்துபோகும் பூச்சுக்கு அதை ஆண்டுதோறும் செலவிடுவது சிக்கனமன்று, வீண்விரயம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் முத்தவல்லியிடம் இதைக் கேட்போம்: பழையதைச் சுரண்டினீர்களா?

அமானிதத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.