உம்மாவின் பங்கு

 

காத்தான்குடியானாலும் ஏறாவூரானாலும் ஓட்டமாவடியானாலும் பகல் சோறு ஆக்கி முடிந்ததும் நடப்பது ஒன்றுதான். வாப்பாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் முதலில் வைப்பார்கள். பிறகு சின்னப் பிள்ளைகள். எல்லோரும் எழுந்த பின்னர் சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் விட்டுக்கொண்டு உம்மா உட்காருவார். வாவியில் பிடித்த திரளியும் இறாலும் அதற்குள் முடிந்திருக்கும். கையோடு ஒரு பிளேன்டீயும் குடித்துவிட்டு அடுத்த வேலைக்கு எழுந்துவிடுவார்.

வயிறு நிறைந்துவிட்டது. ஆனால் இரத்தத்திற்கு வேண்டியது கிடைத்ததா?

உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவருக்கு இரத்தச்சோகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று இரும்புச் சத்துக் குறைவு. மாதவிடாயில் இழப்பதையும், கருவிலுள்ள பிள்ளைக்குக் கொடுப்பதையும் உணவு ஈடுசெய்யாதபோது உடல் தளர்கிறது, மூச்சு வாங்குகிறது. பிரசவத்தில் இரத்தம் போனால் அத்தாய்க்கு ஆபத்து அதிகம். பிள்ளை எடை குறைந்து பிறக்கவும் இடமுண்டு. இதைச் "சோம்பல்" என்று வீட்டார் ஏசுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

அயடீன் குறைவைத் தடுப்பது நமக்கு இலகுவாயிற்று. 1995ஆம் ஆண்டில் நமது நாட்டில் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. உப்பை மூடி வைத்தால் போதும். இரும்புச் சத்து அப்படியல்ல. நம் அடுப்படியில்தான் அது தீர்மானிக்கப்படுகிறது.

முருங்கை இலைச் சுண்டலிலும் பருப்பிலும் இரும்புச் சத்து உண்டு. ஆனால் உடல் அதில் கொஞ்சத்தையே எடுத்துக்கொள்ளும். அதே சோற்றோடு ஒரு துண்டு மீனோ இறைச்சியோ சேர்ந்தால் கூடுதலாக எடுக்கும். தேசிக்காய்ப்புளி விட்டாலும், கொய்யாப்பழம் தின்றாலும் அப்படியே. தேயிலையோ இதற்கு நேர்மாறு. சாப்பாட்டோடு குடித்தால் சத்து உடலில் சேர்வதைப் பெருமளவு தடுத்துவிடும். பிளேன்டீயை விடச் சொல்லவில்லை சகோதரிகளே. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த குளிசை இலவசமாகவே தரப்படுகிறது. "பிள்ளை பெருத்துவிடும்", "மலம் கறுப்பாகப் போகிறது" என்று அதை அலுமாரியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. மலம் கறுப்பது குளிசையின் இயல்பு, பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் நிறுத்திவிடாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். கல்சியம் குளிசையை இதனோடு சேர்த்து விழுங்காமல் வேறு நேரத்தில் எடுங்கள். நோன்பு நோற்கும் கர்ப்பிணி இரவில் குடிக்கலாம். தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சினால் நோன்பையே பிற்படுத்த மார்க்கம் அனுமதித்திருக்கிறது.

திரிபோஷாவும் அப்படித்தான். சோளமும் சோயாவும் விற்றமின்களும் கலந்த இந்த மா 1973 முதல் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டு வருகிறது. அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்து வீடு முழுவதும் பங்கு வைத்தால், யாருக்காக வந்ததோ அவருக்கு என்ன மிஞ்சும்? அது ஓர் அமானிதம் அல்லவா?

கணவன் உண்ணும்போது மனைவிக்கும் உண்ணக் கொடுப்பது அவளது உரிமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மிஞ்சியதைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை. நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்றும் போதித்தார்கள். தன்னை வருத்திக்கொண்டு பிறருக்குப் போடுவது மட்டுமே ஸாலிஹான பெண்ணின் அடையாளம் என்று எண்ணியிருக்கும் சகோதரிகள் இதைச் சிந்திக்க வேண்டும். மாமிமாரே, மருமகள் கர்ப்பிணியாயிருந்தால் அவளுக்குரிய மீன் துண்டை முதலிலேயே எடுத்து மூடி வையுங்கள். இந்தப் பக்கத்தை வீட்டு ஆண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மீன் விலை ஏறிய நாளில் ஒரே துண்டுதான் இருக்கிறதா? அதையும் பங்கு போடலாம். அந்தப் பங்கில் உம்மாவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் தாய்மாருக்கும் அவர்கள் சுமக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.