துணைக்குப் போகிறவர் பழம் பொறுக்கக் கூடாது

சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தை மாதம் 3-ஆம் தேதி வாழைப்பழம் சூறை விடுவார்கள். வேண்டுதல் பலித்தவர்கள் கூடை கூடையாகப் பழத்தை வீச, கூட்டம் முண்டியடித்துப் பொறுக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிற மாமா இரண்டு தப்புப் பண்ணலாம். பிள்ளையை விட்டுவிட்டு அவரே பழம் பொறுக்கப் பாயலாம். அல்லது பயத்தில் பிள்ளையின் கையைக் கடைசி வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கலாம். முதல் தப்பில் பிள்ளை தொலையும். இரண்டாவதில் பிள்ளைக்கு ஒரு பழம்கூடக் கிடைக்காது.

கோடை விடுமுறையில் மாணவர்களை மொழி படிக்க வெளிநாட்டுக்குக் கூட்டிப் போகிற பொறுப்பாசிரியர்களில் பலர் இந்த இரண்டு தப்பையும் ஒரே பயணத்தில் பண்ணிவிடுகிறார்கள். அவர்களைவிடப் பெரிய தப்பு, அவர்களைத் தேர்ந்தெடுக்கிற நிர்வாகங்களுடையது.

வெளிநாட்டுப் பயணமெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் கான்வென்ட் பிள்ளைகள் சமாச்சாரம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2022 நவம்பரில் அரசுப் பள்ளி மாணவர்கள் துபாய், ஷார்ஜா போய் வந்தார்கள். 2024 ஜூனில் நான் முதல்வன் திட்டத்தில் 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அவை மொழிப் பயணங்கள் இல்லைதான். ஆனால் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் பாஸ்போர்ட் தேவைப்படும் என்று காட்டிவிட்டன. இன்னொரு பக்கம், தனியார் நிறுவனங்கள் 'இங்கிலாந்தில் இரண்டு வாரம் ஆங்கிலம்' என்று நோட்டீஸ் அடிக்கின்றன.

அந்த நோட்டீஸைப் பார்த்ததும் அப்பா கேட்பது, "எவ்வளவு ஆகும்?" அம்மா கேட்பது, "துணைக்கு யாரு போறாங்க?" பெண் பிள்ளை என்றால் அம்மாவின் கேள்விதான் தீர்ப்பு. 18 வயது ஆகாத பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுவதும் விழாததும் துணைக்குப் போகிறவரின் முகத்தைப் பொறுத்தது. நம்பிக்கையான ஒரு டீச்சர் போகாததால் வீட்டிலேயே நின்றுபோன பெண் பிள்ளைகளை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இவ்வளவு முக்கியமான அந்த சீட் யாருக்குப் போகிறது? இத்தனை மாணவர்களைச் சேர்த்தால் கூட வரும் ஒருவருக்கு இலவசம் என்பது இந்த வியாபாரத்தில் வழக்கம். உடனே அது பரிசாகிவிடுகிறது. சீனியாரிட்டிக்காக ஒருவர், தாளாளருக்கு வேண்டப்பட்டவர் ஒருவர், ரிட்டயர் ஆகப் போகிறவர் ஒருவர். ஆனால் இலவசம் என்று ஒன்று கணக்குப் புத்தகத்தில் கிடையாது மக்களே! அந்தச் செலவு 2 லட்சம், மாணவர்கள் 16 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 12,500 ரூபாய். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய அப்பாதான் அந்தத் துணைக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி. அவருக்கு அது தெரியாது என்பதுதான் சோகம்.

"ஆசிரியர்களும் மனுசங்கதானே, அவங்களும் ஊர் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் பார்க்கட்டும். 2024 அக்டோபரில் கனவு ஆசிரியர் விருது பெற்றவர்களைத் தமிழக அரசு பிரான்சுக்கு அழைத்துப் போனது. பரிசு என்றால் அப்படி வெளிப்படையாகக் கொடுங்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கிய இடத்தைப் பரிசாக்காதீர்கள்.

கூட ஆள் இருப்பது மட்டும் போதாது என்பதற்கு 2014 ஜூன் 8 சாட்சி. ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஹிமாச்சலில் பியாஸ் ஆற்றுக்குள் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, லார்ஜி அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டது. 24 மாணவர்கள் போய்விட்டார்கள். முதல் குற்றம் அணை நிர்வாகத்தினுடையது. ஆனாலும் உயர்நீதிமன்றம் இழப்பீட்டில் ஒரு பங்கைக் கல்லூரியின் தலையிலும் வைத்தது. பழக்கமில்லாத ஊரில் எது ஆபத்து என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பதும் துணையின் வேலை என்பதுதான் இதில் பாடம்.

இனி இரண்டாவது தப்பு. பயந்த ஆசிரியர் எல்லோரையும் மந்தை மாதிரி ஒன்றாகவே ஓட்டிப் போவார். ஒரே பஸ், ஒரே மேஜை, ஒரே தமிழ்ப் பேச்சு. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்குவதுகூட ஆசிரியர்தான். இதற்கு எதற்கு எட்டாயிரம் கிலோமீட்டர்? வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டிலேயே நடத்தியிருக்கலாமே :-)

மொழி எப்படி வரும் என்று தெரிய வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து மதுரையில் அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் கோடையில் தமிழ் சொல்லித் தருகிறது. அங்கே வருகிற அமெரிக்க மாணவர்களுக்கு வகுப்பு பாதி, ஊர் பாதி. காய்கறிக் கடையில் பேரம் பேசி, ஆட்டோக்காரரிடம் ஏமாந்து, தங்கிய வீட்டுப் பாட்டியிடம் திட்டு வாங்கித்தான் தமிழ் ஏறுகிறது. நம் பிள்ளைக்கும் அந்தத் திட்டும் ஏமாற்றமும் வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒருவர் நின்றால் போதும்.

அந்த ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? ஜூனில் டர்ஹாமில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். 'இருட்டுறதுக்குள்ள ரூமுக்கு வந்துரு' என்ற நம்மூர் விதி அங்கே செல்லாது, மணி சொல்ல வேண்டும். அங்கே ராத்திரி 11 மணிக்கு அழும் பிள்ளையின் வீட்டில் அப்போது விடிகாலை மூன்றரை. எந்தப் பிள்ளைக்கு என்ன மாத்திரை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, மாதவிலக்கு வலியை எந்தப் பெண் வெளியே சொல்லமாட்டாள், போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் 999 என்று எத்தனை பேருக்கு மனப்பாடம்... இதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அந்த சீட்.

கேட்பது நாலே விஷயம். பணம் கட்டும் முன்பே துணைக்கு வருபவரின் பெயரைச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம். அவர் கிளம்பும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பெற்றோரைப் பார்க்கட்டும். அது 24 மணி நேர வேலை, அதற்குரிய சம்பளத்தை வெளிப்படையாகக் கொடுங்கள்.

சூறை முடிந்ததும் நல்ல மாமா வெறுங்கையோடுதான் திரும்புவார். பழம் பிள்ளையின் மடியில் இருக்கும்.